ஏறாத ஊசி: பத்தாங் பெர்ஜுந்தையில் ஒரு பழைய இஸ்வாரா

பெரியப்பாவின் பழைய புரோட்டோன் இஸ்வாரா காடியில் (காரில்) என்ஜின் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தேன். அதன் உள்பக்கம் முழுக்க வெண்ணெய்ப் பதத்தில் ஏதோ அப்பியிருந்தது. பால் தூக்கலாகிவிட்ட காப்பியின் நிறம். விரலால் வழித்தால் இழுபட்டு வந்தது. பக்கத்தில் நின்ற பெரியப்பா, "பார்த்தியா, இதைத்தான் அவன் காட்டினான்" என்றார். அவன் என்றது பட்டணத்துப் பட்டறையில் இருந்த போமெனை, அதாவது மெக்கானிக்கை. என்ஜினின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, தண்ணீர் எண்ணெயில் கலக்கிறது, மேல்பாதியைப் பிரித்து டாப் ஓவர்ஹால் செய்தால்தான் ஆகும், 1,800 வெள்ளி (ரிங்கிட்) என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். காடியை விற்றாலே 2,500 வெள்ளி தேறினால் பெரிய விஷயம். இரும்புக்குப் போட்டுவிடலாம் என்பது பெரியம்மாவின் கட்சி.

அது 2023 தீபாவளிக்கு முந்தின நாள், நவம்பர் 11, சனிக்கிழமை. அன்று தொடங்கி அடுத்த ஏப்ரல் வரை அந்த வீட்டு முன்வாசலில் வைத்து அந்தக் காடியின் எண்ணெய், தண்ணீர், பிரேக் எண்ணெய், கியர் எண்ணெய் நாலையும் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றினேன். நான் போமென் இல்லை. தொழிற்சாலையில் பம்ப், கம்ப்ரெஸர் பராமரிப்பில் இருக்கிறவன். ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான். நடந்ததை, என் தவறையும் சேர்த்து, அப்படியே எழுதி வைக்கிறேன்.

காடியும் ஊரும்

புரோட்டோன் சாகா 1985 ஜூலை 9-இல் வெளிவந்தது. அதையே கொஞ்சம் இழைத்து 1992-இல் இஸ்வாரா என்று விட்டார்கள். பெரியப்பாவினுடையது 1996-ஆம் ஆண்டு வண்டி, 1.5, மேனுவல் கியர், கார்புரேட்டர். மிட்சுபிஷியின் 4ஜி15 என்ஜின்; 1,468 சிசி, 12 வால்வு. பிளாக் வார்ப்பிரும்பு, மேலே ஹெட் அலுமினியம். இந்த இரண்டு உலோகச் சேர்க்கையைக் கவனத்தில் வையுங்கள், பின்னால் வருகிறது.

மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள அந்த ஊரின் பெயரை 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள். பெரியப்பாவுக்கும் அவர் வயதுக்காரர்களுக்கும் அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனை (எண்ணெய்ப்பனை). நாட்டிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்கென்று செம்பனை நட்டது 1917-இல், இங்கே இருக்கிற தென்னமரம் தோட்டத்தில்தான். (தென்னமரம் என்று பெயர் வைத்துவிட்டு அங்கே செம்பனையை நட்டார்கள் என்று பெரியப்பா நூறு தடவை சொல்லியிருப்பார்.) பழக்குலை ஏற்றிய லோரி ஓடி ஓடி உள்பாதைகள் பள்ளமும் செம்மண்ணுமாகக் கிடக்கும், மழைக்காலத்தில் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும்.

பெரியப்பா தோட்டத்துக் கிராணியாக (கணக்கராக) இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்து லயத்தை (வரிசை வீட்டை) விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்த பிறகும் கிராணிப் புத்தி போகவில்லை. காடிக்குச் செலவழித்த ஒவ்வொரு காசையும் சின்ன 555 நோட்டில் எழுதி வைப்பார். நோட்டு தீர்ந்தால் ரப்பர் பேண்ட் போட்டு மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்குவார். அப்படி ஏழு நோட்டு இருந்தன. கடைசி நோட்டை மட்டும்தான் நான் முதலில் வாங்கிப் பார்த்தேன். மீதி ஆறையும் அன்றைக்கே புரட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

எத்தனை கிலோமீட்டர்?

முதல் சிக்கல், மீட்டர் ஓடவில்லை. 2011-லேயே கேபிள் அறுந்து, மாற்றாமல் விட்டாயிற்று. கடைசியாக மின்யாக் ஹித்தாம் (என்ஜின் எண்ணெய்) மாற்றியது 2022 ஜனவரி என்று நோட்டு சொன்னது. அதற்குப் பிறகு எவ்வளவு ஓடியது? பெட்ரோல் கணக்கிலிருந்து பிடித்தேன். இரண்டு வாரத்துக்கு 40 வெள்ளி, தவறாமல். அப்போது ரோன்95 பெட்ரோல் லிட்டர் 2 வெள்ளி 5 காசு; ஆக 19.5 லிட்டர். இப்படிச் சின்னச் சின்ன ஓட்டத்துக்கு லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் என்று வைத்தால் இரண்டு வாரத்தில் 195. இருபத்திரண்டு மாதத்தில் 9,000-க்கு மேல். சாதாரண மினரல் எண்ணெய்க்கு 5,000 கிலோமீட்டர்தான் கணக்கு. அதிலும் இவர் ஓட்டம் வீட்டிலிருந்து கோயில், கோயிலிலிருந்து சந்தை, சந்தையிலிருந்து டீக்கடை. ஒவ்வொன்றும் மூன்று நாலு கிலோமீட்டர். அப்படிப்பட்ட ஓட்டம் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் போவதைவிட எண்ணெயைச் சீக்கிரம் கெடுக்கும்.

பால் எங்கிருந்து வந்தது

மூடியில் பால் தெரிந்தால் எல்லாரும் ஹெட் கேஸ்கெட் என்பார்கள். போமென் சொன்னதைக் குற்றம் சொல்ல மாட்டேன். அது நியாயமான சந்தேகம். ஆனால் சந்தேகத்துக்கு 1,800 வெள்ளி கேட்பதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் பார்த்திருக்கலாம்.

அளவுக்கம்பியை உருவினேன். எண்ணெய் கறுப்பு, கீழ்க்கோட்டுக்கும் கீழே, ஆனால் பால் இல்லை. ஆறிய என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். தண்ணீர் கழுத்து வரை இருந்தது. நிறம் தே ஓ (பால் இல்லாத தேநீர்) மாதிரி துருச்சிவப்பு, ஆனால் மேலே எண்ணெய்ப் படலம் இல்லை. மூடியைத் திறந்தபடியே என்ஜினை ஓட்டிப் பார்த்ததில் குமிழி வரவில்லை. ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றிக் காகிதத்தில் வரிசையாக வைத்தேன். தண்ணீர் நுழைகிற சிலிண்டரின் பிளக் தனியாகக் கழுவிவிட்ட மாதிரி வெளுத்திருக்கும்; இங்கே நாலும் ஒரே மாதிரி கரி பிடித்திருந்தன.

அப்புறம் ஒரு பழைய சோதனை. எண்ணெயில் தண்ணீர் இருந்தால் சூட்டில் வெடிக்கும். பெரியம்மாவின் தோசைக்கல்லைத் தொட முடியாது. மைலோ டின்னின் மூடியைக் கம்பியில் பிடித்து வெளியே கேஸ் அடுப்பில் காட்டினேன். மூடியில் வழித்த வெண்ணெயில் குன்றிமணி அளவு போட்டதும் கடுகு தாளித்த மாதிரி படபடவென்று வெடித்தது. அளவுக்கம்பியில் இருந்து ஒரு சொட்டு விட்டேன். மெல்லப் புகைந்தது, சத்தம் இல்லை. அதாவது தண்ணீர் மேலே மூடியில் இருக்கிறது, கீழே தொட்டியில் இல்லை. ஹெட் கேஸ்கெட் வழியாக வந்திருந்தால் இரண்டிலும் இருக்கும்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கும். என்ஜின் நன்றாகச் சூடேறினால் அது மறுபடி ஆவியாகி, பிசிவி வால்வு வழியே உறிஞ்சப்பட்டு எரிந்துவிடும். சூடேறாவிட்டால் இருக்கிறதிலேயே குளிர்ந்த இடத்தில், அதாவது மூடியின் அடியில், போய் ஒட்டும். அன்று பிசிவி வால்வைப் பிடுங்கி ஆட்டிப் பார்த்தேன். நல்லதாக இருந்தால் உள்ளே கிலுகிலுக்கும். இது ஊமை. சரி, ஆள் அகப்பட்டான் என்று நினைத்தேன்.

இன்னொன்றையும் அன்றைக்கே பார்த்தேன், பார்த்துவிட்டு விட்டேன். வெப்ப ஊசி அடியிலேயே கிடந்தது. பெரியப்பாவுக்கு அதில் பெருமை: "ஊசி ஏறவே ஏறாதுடா. அந்த மாதிரி என்ஜின்!" மீட்டரே செத்த காடியில் ஊசியும் செத்திருக்கும் என்று நான் சட்டை செய்யவில்லை.

மின்யாக் ஹித்தாம்

தீபாவளி ஞாயிற்றுக்கிழமை போனது. திங்கட்கிழமை விடுமுறையில் வேலையை ஆரம்பித்தேன். ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டு வைக்கும்போது பெரியப்பா ஒரு சிமெண்ட் கல்லைத் தூக்கி வந்தார். "தோட்டத்துல இதுமேலதான்டா டிராக்டரையே நிறுத்துவோம்." வேண்டாம் பெரியப்பா என்று வாங்கி ஓரமாக வைத்தேன். சிமெண்ட் கல் விரிசல் விட்டு எச்சரிக்காது, நொறுங்கும். ஜாக்கை மட்டும் நம்பிக் காடிக்கு அடியில் போவதும் அதே கதைதான்.

பத்து நிமிஷம் ஓட்டிச் சூடாக்கி, 17 ஸ்பேனரில் அடி நட்டைக் கழற்றினேன். சமையல் எண்ணெய் வரும் ஐந்து கிலோ போத்தலைப் பக்கவாட்டில் வெட்டி ஏந்தினேன். முடிந்ததும் அளந்தால் இரண்டரை லிட்டருக்கும் குறைவு. ஃபில்டரோடு மூன்றரை லிட்டர் போலக் கொள்கிற என்ஜின். ஒரு லிட்டர் எங்கே போனது? டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் பாகம்) நுழைகிற இடத்தில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தின் வழியாகக் கசிந்து கியர்பாக்ஸின் மேல் செம்மண்ணோடு குழைந்து அடையாகிக் கிடந்தது. இந்த என்ஜினில் அடிக்கடி காணும் கசிவு.

வடித்த எண்ணெயை உடனே கொட்டிவிடாதீர்கள். ஒரு கண்ணாடிப் போத்தலில் ஓர் இரவு வைத்தேன். காலையில் அடியில் தண்ணீர் தனியாகப் பிரியவில்லை. ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை உள்ளே விட்டு எடுத்தால் மைபோல மென்மையான கறுப்புப் பசை. விரலிடையில் தேய்த்தால் நெருடவில்லை. பழைய ஃபில்டரைக் கம்பி ரம்பத்தால் அறுத்து, உள்ளே மடித்திருந்த காகிதத்தை விரித்து வெயிலில் பிடித்தேன். மினுக்கும் செதில் இருந்தால் பேரிங் தேய்கிறது என்று பொருள். இல்லை. இவ்வளவு அலட்சியத்துக்கும் தாங்கியிருக்கிறது.

புது ஃபில்டர் போடும்போது ஒரு விஷயம். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் சில வேளை என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கவனிக்காமல் அதன்மேல் புதிதைத் திருகினால் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில் முழு எண்ணெயும் ரோட்டில். நகத்தால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். 15டபிள்யூ-40 எண்ணெய், மூன்று லிட்டர் ஊற்றி, ஓட்டி, நிறுத்தி, கம்பி பார்த்து மீதியை ஊற்றினேன்.

கடைக்காரர் என்ஜின் ஃபிளஷ் ஒரு டின் எடுத்து நீட்டினார். வாங்கவில்லை. இருபத்தேழு வயது என்ஜினில் படிந்திருக்கிற அழுக்கை ஒரேயடியாகக் கரைத்துவிட்டால் அது போய்ச் சேருமிடம் எண்ணெய் உறிஞ்சும் வலை. அது அடைத்தால் ஹெட் கேஸ்கெட் சின்னச் செலவாகத் தெரியும். அதற்குப் பதிலாக 1,000 கிலோமீட்டரில் எண்ணெயை இன்னொரு தடவை மாற்றிவிடலாம் என்று முடிவு. பிசிவி வால்வு புதிது, பத்து வெள்ளி. மூடியைப் பெட்ரோல் தொட்டுத் துடைத்துப் பளிச்சென்று மாட்டினேன். வேறு எதையும் அன்று தொடவில்லை.

பழைய எண்ணெய்க்குப் பக்கத்து வீட்டில் ஆள் இருந்தது. வேலிக் கட்டைக்குக் கறையான் வராமல் பூசக் கேட்டார். தோட்டத்தில் அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததுதான். மழையில் கழுவப்பட்டு அது வாய்க்காலுக்கும், அங்கிருந்து சிலாங்கூர் ஆற்றுக்கும்தான் போகும். பயன்படுத்திய எண்ணெய் நம் நாட்டில் 2005 விதிகளின்படி எஸ்டபிள்யூ305 என்ற எண்ணில் அட்டவணையில் சேர்க்கப்பட்ட கழிவு. பட்டறைகளில் டிரம்மில் சேர்த்து, வாங்குகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். 1,800 வெள்ளி கேட்ட அதே பட்டறையில்தான் கொண்டுபோய் ஊற்றினேன். ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து

நவம்பர் 25, சனிக்கிழமை. மூடியைத் திறந்தேன். மறுபடியும் பால். முன்பு போல அப்பவில்லை, ஆனால் ஒரு வெள்ளி நாணயத்தின் கனத்துக்கு இருந்தது. பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தப் பட்டறைக்காரன் சொன்னதுதானேப்பா சரி" என்றார். எனக்கும் வயிறு கலங்கியது. மறுபடி கம்பியைப் பார்த்தேன், மறுபடி மைலோ மூடி. கீழே தண்ணீர் இல்லை.

அன்று முறைப்படி ரேடியேட்டர் தண்ணீர். அடியிலிருக்கும் பிளாஸ்டிக் திருகை இந்த வயதில் தொடுவது ஆபத்து, கையோடு வரும். கீழ் ஹோஸைக் கழற்றி வடித்தேன். வந்தது செம்மண் குழம்பு. வருஷக்கணக்காகக் குழாய்த் தண்ணீரே ஊற்றியிருக்கிறார். "நம்ம ஊர்ல பனியா பெய்யுது, கூலண்ட் எதுக்கு?" என்பது அவர் வாதம். பனிக்கு மட்டும் இல்லை பெரியப்பா, வார்ப்பிரும்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் ஊறினால் அரிப்பு பிடிக்கும், அதைத் தடுக்கிற மருந்து கூலண்டில் இருக்கிறது என்றேன். "மருந்தா?" என்று கேட்டுவிட்டு யோசித்தார்.

மேல் ஹோஸைக் கழற்றி, தெர்மோஸ்தாட் இருக்கும் மூடியின் இரண்டு போல்ட்டையும் திருகி எடுத்தேன். புதிது போடலாம் என்று வாங்கி வைத்திருந்தேன். உள்ளே பார்த்தால் வெறும் ஓட்டை.

கொஞ்ச நேரம் அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்துபோய் இழுப்பறையில் இருந்த நோட்டுகளைக் கேட்டு வாங்கினேன். நாலாவது நோட்டில், பெரியப்பாவின் சாய்ந்த கையெழுத்தில்: "26-1-2016. பத்துமலை போய் வரும் வழியில் கொதித்தது. தெர்மோஸ்தாட் எடுத்தாச்சு. 30 வெள்ளி."

அந்த வருஷம் தைப்பூசம் ஜனவரி 24. கூட்டத்தில் ஊர்ந்து வந்ததில் கொதித்திருக்கிறது. அப்போது பார்த்த பட்டறையில் நம் ஊர்ப் பழைய வைத்தியத்தைச் செய்து அனுப்பியிருக்கிறார்கள்: தடுக்கிறதை எடுத்துவிடு. தெர்மோஸ்தாட் என்பது மெழுகு அடைத்த சின்ன வால்வு. என்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைத்திருக்கும். மெழுகு உருகி விரிந்ததும் திறக்கும். அதை எடுத்துவிட்டால் தண்ணீர் முதல் நிமிஷத்திலிருந்தே ரேடியேட்டரில் சுற்றிக் குளிர்ந்துகொண்டே இருக்கும். மூன்று கிலோமீட்டரில் டீக்கடை வந்துவிடுகிறது. ஏழே முக்கால் வருஷமாக அந்த என்ஜின் ஒரு நாளும் ஒழுங்காகச் சூடேறவில்லை. ஊசி செத்திருக்கவில்லை, உள்ளதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

இதுதான் பாலுக்கு மூலம். பிசிவி வால்வு அடைத்தது அதன்மேல் ஒரு சுமை. நான் தீபாவளி அன்றே எண்ணெய், வால்வு, கூலண்ட், தெர்மோஸ்தாட் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றியிருந்தால் பால் நின்றிருக்கும். வால்வுதான் காரணம் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஆனால் புதிதை உடனே மாட்டவில்லை. 2016-இல் கொதித்ததற்குக் காரணம் தெர்மோஸ்தாட் இல்லை என்றால், அந்தக் காரணம் இன்னும் உள்ளே இருக்கிறது. ரேடியேட்டரைக் கழற்றி, ஹோஸில் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். பாதி குழாய்களில் சொட்டுத்தான் வந்தது. துரு. கோலசிலாங்கூரில் ரேடியேட்டர் வேலை செய்யும் கடை ஒன்றில் கொடுத்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து வாங்கினேன், 80 வெள்ளி. என்ஜின் உள்ளேயும் தண்ணீர் தெளிவாக வரும்வரை நாலு தடவை நிரப்பி வடித்தாயிற்று. புதுத் தெர்மோஸ்தாட்டைச் சட்டியில் தண்ணீரோடு போட்டு வெப்பமானி வைத்துப் பார்த்தோம். முத்திரையில் 82 டிகிரி, அதை ஒட்டியே மெல்ல வாய் திறந்தது. பெரியப்பாவின் பேத்திக்கு அது மீன் வாய் திறக்கிற மாதிரி இருந்ததாம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, சிறிய காற்றுத் துளை மேலே வரும்படி மாட்டி, கலந்தே விற்கிற கூலண்ட் ஊற்றி, காற்று வெளியேறும்வரை மூடி திறந்தபடி ஓட்டினேன். சிந்தியதை உடனே கழுவினேன். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கோல் இனிக்கும், நாய் நக்கும். நக்கினால் சிறுநீரகம் போய் இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். அந்தத் தாமானில் வளர்ப்பு நாய், தெரு நாய், மேய வரும் மாடு எல்லாம் நம் வாசலில்தான்.

செவ்வாய்க்கிழமை காலை போன். "டேய், ஊசி ஏறுதுடா!" எங்கே நிற்கிறது என்று கேட்டேன். "நடுவுக்குக் கொஞ்சம் கீழ." அங்கேதான் நிற்கணும் பெரியப்பா. "முன்னாடி ஏறாதே." ஒரு வாரம் அந்த ஊசியையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

பிரேக்கில் நான் செய்த தவறு

டிசம்பர் விடுமுறையில் பிரேக் எண்ணெய். டப்பாவில் இருந்தது ஆறின காப்பி. பிரேக் எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 எண்ணெய்க்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும், 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்தால் 140 இருந்தாலே போதும் என்று தரம் அனுமதிக்கிறது. மலையிறக்கத்தில் தொடர்ந்து அமுக்கினால் அது ஆவியாகி, பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும்.

பெடலை அமுக்கும்போது எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்டர் பம்புக்கு அதிகத் தூரத்தில் இருக்கும் பின் இடது சக்கரத்திலிருந்து தொடங்கினோம். பேத்திக்குப் பதினைந்து வயது, பெடலில் அவள். "அமுக்கு." "அமுக்கிட்டேன் சித்தப்பா." எண்ணெய் வடிக்கிற நிப்பிளைத் திறந்தேன், கறுப்பாக ஒழுகியது. "விடாத, பிடி." மூடினேன். "விடு." நாலு சக்கரத்திலும் தேன் நிறத்தில் தெளிவாக வரும்வரை. எல்லாம் அழகாக முடிந்தது. அமுக்கு என்றால் தரை வரை அமுக்கினாள், நான்தான் அப்படிச் சொன்னேன்.

மறுநாள் பிரேக்கை ஒரே அழுத்தத்தில் பிடித்தால் பெடல் மெல்ல மெல்ல இறங்கியது. வெளியே எங்கும் கசிவு இல்லை. சாதாரணமாக ஓட்டும்போது மாஸ்டர் பம்பின் பிஸ்டன் குழாயின் பாதி தூரம்தான் போய் வரும். மீதிப் பாதியில் இருபது வருஷத்துத் துருவும் கசடும் படிந்து மேடாக இருக்கும். பெடலைத் தரை வரை அமுக்கினால் ரப்பர் அந்த மேட்டில் உரசிக் கிழியும். பழைய காடியில் பெடலுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டை வைத்துவிட்டுத்தான் இந்த வேலையைத் தொடங்க வேண்டும். எனக்கு அது தெரியும், அவசரத்தில் வைக்கவில்லை. புது மாஸ்டர் பம்ப் 140 வெள்ளி, என் காசு. ஹாஃப்கட் கடையில் நாற்பதுக்குக் கிடைக்கும் என்று பெரியப்பா சொன்னார். பிரேக்குக்குப் பழைய சாமான் வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது வந்து மாட்டும்வரை நாலு நாள் காடி வாசலை விட்டு நகரவில்லை. பெரியப்பா டீக்கடைக்கு நடந்தார்.

கியர்பாக்ஸ்

இதில் ஒரே ஒரு விதி: ஊற்றுகிற நட்டு கழலுமா என்று முதலில் பாருங்கள், அப்புறம் வடிக்கிற நட்டைத் தொடுங்கள். எங்களுடையது கழலவில்லை. வடித்துவிட்டு அதைக் கண்டுபிடித்திருந்தால் எண்ணெய் இல்லாத கியர்பாக்ஸோடு நின்றிருப்போம். துரு நீக்கி அடித்து ஒரு நாள் விட்டு, ரிங் ஸ்பேனரில் குழாய் சொருகி நெம்பியதும் துப்பாக்கி மாதிரி சத்தம் போட்டுத் திரும்பியது. வந்த எண்ணெயில் தங்கப்பொடி தூவின மினுக்கம். கியர் மாறும்போது வேகத்தை ஒத்துப்போக வைக்கிற சிங்க்ரோ வளையத்தின் பித்தளை அது. ஜிஎல்-4 எண்ணெயை ஓட்டை விளிம்பில் வழியும்வரை ஊற்றினேன். கடையில் ஜிஎல்-5 இன்னும் உசத்தி என்று கொடுப்பார்கள். அதில் உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளைக்கு ஆகாது. காலையில் இரண்டாவது கியர் கரகரப்பது குறைந்தது, போகவில்லை. தேய்ந்த பித்தளை எண்ணெயால் முளைக்காது.

ஜனவரிக் கடைசியில் மின்யாக் ஹித்தாம் இரண்டாவது தடவை. கறுப்பாகத்தான் வந்தது, ஆனால் மூடி காய்ந்திருந்தது. டைமிங் பெல்ட்டை நான் தொடவில்லை. நோட்டின்படி கடைசியாக மாற்றியது 2014. அதை வேறொரு பட்டறையில் கொடுத்து 350 வெள்ளிக்கு மாற்றியாயிற்று.

பெல்ட் தவிர மொத்தச் செலவு 539 வெள்ளி. அதில் 140 என் தண்டம். 40 வெள்ளி பெட்ரோல் இப்போது பதினாறு பதினேழு நாள் வருகிறது. குளிர்ந்த என்ஜினுக்குப் பெட்ரோல் கூடுதலாக வேண்டியிருந்தது நின்றதால் இருக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டர் ஓ-ரிங் இன்னும் மாற்றவில்லை. காடிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்திருக்கிறோம். சித்திரை முதல் நாள் போனபோது எட்டாவது நோட்டை நீட்டினார். "14-4-2024. மூடி பார்த்தேன். பால் இல்லை. அட்டையில் கறை ஐம்பது காசு அளவு. போன வாரம் இருபது காசு அளவு."